ஐந்து குழாயும் நல்ல குழாய்

சொல்கிறேன் சார், உட்காருங்கள். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். வரிசை இல்லாமல் சொன்னால் அது புலம்பல். வரிசையாகச் சொன்னால் குற்றப்பத்திரிகை. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் படிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு சரி. மிச்சமெல்லாம் துண்டறிக்கையில் படித்தது.

எங்கள் கம்பெனி செய்த முதல் அநியாயம், எண்பத்து மூன்றாம் வருடம். குடிதண்ணீர்ப் பானையைக் கழிப்பறைச் சுவரை ஒட்டி வைத்தார்கள்.

இரண்டாவது, எண்பத்து நான்கு. தற்காலிகத் தொழிலாளிக்குக் கேன்டீனில் தனி டம்ளர்.

மூன்றாவது, எண்பத்து ஐந்து. பிரஸ் மெஷினுக்கு முன்னால் இருந்த கம்பிக் கதவைக் கழற்றிப் போட்டார்கள். அதைத் திறந்து மூட நான்கு விநாடி வீணாகிறதாம். நான்கு விநாடி! சிலர் இதை இரண்டாவது என்று சொல்வார்கள். தப்பு. டம்ளர்தான் முதலில்.

நான்காவது, எண்பத்து ஏழு. சட்டையில் சங்கத்து வில்லையைக் குத்திக்கொண்டு வந்தான் என்று ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஐந்தாவது, எண்பத்து எட்டு. ஒன்றுக்குப் போக டோக்கன். ஏழு நிமிடம். எட்டாவது நிமிடம் சூப்பர்வைசர் கதவைத் தட்டுவான்.

ஆறாவது, தொண்ணூறு. பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டு, எங்களை மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டு, மேனேஜர் பின்வாசல் வழியாகக் காரில் போய்விட்டார்.

ஏழாவது, தொண்ணூற்று ஒன்று, ஆகஸ்டு மாதம். ஏகாம்பரத்தைப் பிரஸ் மெஷினில் தனியாக நிறுத்திக் கொன்றார்கள்.

இந்த ஏழையும் நான் எந்தக் கோர்ட்டிலும் நின்று சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன். டி. மாசிலாமணி, தொழிற்சங்கச் செயலாளர், பதினாறு வருடம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழைய ஆட்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பயப்படுவார்கள், அல்லது கும்பிடுவார்கள். சும்மா போகமாட்டார்கள்.

சரி, நீங்கள் கேட்டது வேறு. "பெரியவரே, ஏசி பார்க்க நான் எதுக்கு உள்ள உட்காரணும், நீங்களே பாத்துக்க மாட்டீங்களா" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இந்த ஏழும் இல்லாமல் அதற்கு வர வழி இல்லை.

உங்கள் வண்டிக்கு என்ன நோய் என்று நீங்கள் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சமதரையில் ஓட்டினால் குளிர்காற்று முகத்துக்கு வருகிறது. பாடி மேம்பாலம் ஏறுவதற்கு ஆக்சிலேட்டரை மிதித்தால், முகத்துக்கு வந்த காற்று நின்றுபோய் முன்கண்ணாடிக்குப் போய்விடுகிறது. பாலம் இறங்கினதும் திரும்பி வருகிறது. உண்டா இல்லையா? மூன்று இடத்தில் கேஸ் ரொப்பியிருப்பார்கள். ஒருத்தன் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லியிருப்பான். கேஸுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை சார்.

டேஷ்போர்டுக்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. காற்றை முகத்துக்கு விடுவதா, காலுக்கு விடுவதா, கண்ணாடிக்கு விடுவதா என்று அவைதான் முடிவு செய்யும். இந்தக் காலத்து வண்டியில் அந்தக் கதவை மோட்டார் திருப்பும். உங்களுடையது பழைய வண்டி. இன்ஜின் காற்றை உள்ளே இழுக்கிறது இல்லையா, அந்த இழுப்பே மெல்லிய ரப்பர் குழாய் வழியாக வந்து, ஒரு டப்பாவுக்குள் இருக்கும் சவ்வை இழுக்கும். சவ்வு கம்பியை இழுக்கும். கம்பி கதவை இழுக்கும். வேக்குவம் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அவ்வளவுதான். எங்கேயாவது ஓட்டை விழுந்தால், வண்டி மேட்டில் திணறும்போது இழுப்பு பற்றாது. ஸ்பிரிங் அந்தக் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். எது கெட்டாலும் ஓட்டுகிறவன் கண்ணாடி மங்கக்கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள்.

அந்தச் சவ்வு டப்பாவைத்தான் எங்கள் கம்பெனியில் செய்தோம். அச்சில் ரப்பரை வைத்து, பிரஸ்ஸில் கொடுத்து, சுடச்சுட எடுப்போம். இந்தக் கையால் எத்தனை லட்சம் சவ்வு எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. உங்கள் வண்டிக்குள் இருப்பதும் எங்கள் சவ்வாக இருக்கலாம்.

ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜினை ஓடவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் காதை வைத்தால் ஒரு சீறல் கேட்கும். மூக்கடைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து சுவிட்சை முகம், கால், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். இன்னொரு ஆள் காது கொடுக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. நான் பல வருடம் தனியாகத்தான் பார்த்தேன். உதவிக்கு யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. என்னோடு யாருக்கும் ஒத்துப்போகாது என்று வெளியில் சொல்வார்கள், சொல்லட்டும். பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில், "திருப்பு" என்பேன்.

சுவிட்ச் திரும்பும் சார். டிக் என்று கேட்கும். சீறல் மாறும். எட்டிப் பார்த்தால் சீட்டில் ஆள் இருக்காது.

நான் நாத்திகன். பேய் பிசாசு இல்லை என்று நானே எழுதி, இரண்டாயிரம் பிரதி அச்சடித்து, திருமுல்லைவாயில் திருவிழாவில் கொடுத்தவன். அதனால் நான் பேய் என்று சொல்லவில்லை. டிக் என்று கேட்டது என்று மட்டும்தான் சொல்கிறேன். நீங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தால், திருப்பியது நீங்கள்தான் என்று நான் நிம்மதியாக இருப்பேன். அவ்வளவுதான் காரணம்.

தொண்ணூற்று ஒன்றுக்கு வருகிறேன்.

அந்த வருடம் நாங்கள் என்ன திட்டம் போட்டாலும் கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிந்தது. வாசலில் உட்காரலாம் என்று முடிவு செய்தால், விடிகாலையிலேயே போலீஸ் வேன் நிற்கும். கமிட்டியில் என்னையும் சேர்த்து ஆறு பேர். ஐந்து பிரிவுக்கு ஐந்து பேர், தலைக்கு நான். அந்த ஐந்தில் ஒருவன்தான் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வேறு யார் கொடுக்க முடியும்?

எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த ஒரே வழி. வண்டியில் ஐந்து குழாய் பிரிந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதில் ஓட்டை? இழுப்பை அளக்கிற கேஜை மாட்டிவிட்டு ஒவ்வொரு குழாயாக நசுக்கிப் பிடிப்போம். எதை நசுக்கினால் கேஜ் முள் கீழே விழாமல் நிற்கிறதோ, அதில்தான் ஓட்டை. டெஸ்டிங் பிரிவில் தினமும் செய்கிற வேலை. மனிதனுக்கு மட்டும் ஏன் செய்யக்கூடாது? ஐந்து பேருக்கும் ஐந்து வேறு நாள் சொன்னேன். ஒருவனுக்கு வெள்ளி, ஒருவனுக்கு சனி, ஒருவனுக்குத் திங்கள், ஒருவனுக்குச் செவ்வாய். தனித்தனியாக, ரகசியமாக. "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்று.

ஏகாம்பரத்திடம் வியாழன் என்று சொன்னேன். நிஜமான நாள் அதுதான். யாராவது ஒருவனுக்கு நிஜம் தெரிந்தால்தானே போராட்டம் நடக்கும்? ஏகாம்பரம் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். ஒரே மெஷினில் ஏழு வருடம், அச்சின் இந்த முனை நான், அந்த முனை அவன். ஒரே பீடியைப் பாதி பாதி குடித்தவர்கள். அதனால் நிஜத்தை அவனிடம் கொடுத்தேன். புதன்கிழமை காலை, சைக்கிள் ஸ்டாண்டில்.

வியாழக்கிழமை விடிந்தால், வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. 'இன்று இரண்டாம் ஷிப்டில் வேலையை நிறுத்துவோர் அனைவரும் பணிநீக்கம் செய்யப்படுவர்.' இன்று! இரண்டாம் ஷிப்டு! அச்சு அசலாக. வாசலில் இரண்டு லாரி போலீஸ். போராட்டம் நடக்கவில்லை. முள் நின்றுவிட்டது சார். எந்தக் குழாய் என்று தெரிந்துவிட்டது.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் வாசிப்பு. விதி பதினான்கு, எழுதியவன் நான்தான். செய்தியை வெளியே விட்டவன் பெயரை, ஐந்து சாட்சிகளுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, மூன்று முறை வாசிக்க வேண்டும். பட்டம் இல்லை, இனிஷியல் இல்லை, வெறும் பெயர். கோஷம் கிடையாது, அடி கிடையாது. அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் மறுமுனை பிடிக்கக்கூடாது. அவ்வளவுதான். பிரஸ் பிரிவில் அச்சை இரண்டு பேர் சேர்ந்துதான் இழுக்க முடியும். மறுமுனை கிடைக்காதவன் மூன்று நாளில் தானாகவே வேலையை விட்டுப் போய்விடுவான். இதற்கு முன்னால் இரண்டு பேர் போயிருக்கிறார்கள். நாகரிகமான தண்டனை. இன்றைக்கும் சொல்கிறேன்.

சனிக்கிழமை ஷிப்டு மாறும் நேரம், கவிழ்த்த ஆயில் டிரம் மேல் ஏறி நின்றேன். அறுநூறு பேர். மைக் இல்லை, எனக்கு எதற்கு மைக்? மூன்று முறை வாசித்தேன்.

ஏகாம்பரம் கூட்டத்தில்தான் நின்றான். நான் இல்லை என்று கத்தவில்லை. அழவில்லை. டிரம் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "வியாழக்கெழம உனக்கும் தெரியும்தானே?" என்று கேட்டான். பார்த்தீர்களா திமிரை! செயலாளரைச் சந்தேகப்படுகிறான். நான் இறங்கி நடந்துவிட்டேன்.

அவன் வேலையை விட்டுப் போகவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது. மூன்று நாள், ஐந்து நாள், எட்டு நாள். ஒரு கொக்கியைச் செய்துகொண்டு தனியாளாகவே அச்சை இழுத்தான். சூப்பர்வைசர் பார்த்தான், மேனேஜர் பார்த்தார். இரண்டு ஆள் மெஷினில் ஒருவன் நிற்கிறானே என்று ஒருவன் கேட்டானா? ஒரு ஆள் சம்பளத்தில் இரண்டு ஆள் வேலை நடந்தால் எந்த முதலாளி கேட்பான்? அதனால்தான் சொல்கிறேன், ஏழாவது அநியாயம் அவர்களுடையதுதான் என்று. கம்பிக் கதவைக் கழற்றியதும் அவர்கள்தான், அது மூன்றாவது.

பதினோராம் நாள் காலை, பத்தரை மணி. அச்சு பாதியில் சிக்கிக்கொண்டது. கொக்கி வழுக்கியது. அவன் உள்ளே குனிந்து தோளைக் கொடுத்து இழுத்தான். நான் ஆறடி தூரத்தில் அடுத்த மெஷினில் இருந்தேன். ஒரு சீறல் கேட்டது, வால்வு திறக்கும் சீறல். அதற்கு முன்னால் "ஒரு கை குடு" என்று ஒரு குரல். அந்தப் பிரிவில் நாற்பது பேர் சார். யாரைக் கூப்பிட்டான் என்று எப்படிச் சொல்ல முடியும்? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். யாரும் திரும்பவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

மறுநாளே நான் துண்டறிக்கை எழுதினேன். 'இரண்டு ஆள் மெஷினில் ஒரு ஆள்: நிர்வாகத்தின் கொலை.' நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். ஆயிரம் பிரதி. வார்த்தைக்கு வார்த்தை இன்றைக்கும் மனப்பாடம்.

அப்புறம் கம்பெனியை மூடினார்கள், நாங்கள் சிதறினோம். எனக்குத் தெரிந்தது இந்தச் சவ்வும் குழாயும்தான். இந்த ஷெட்டைப் போட்டேன். அதிலிருந்து அந்தச் சீறல் என்னை விடவில்லை. எந்த வண்டியின் அடியில் காதை வைத்தாலும், சீறலுக்கு முன்னால் ஒரு இழை, மனிதன் வாயைத் திறக்கிறதற்கு முன்னால் மூச்சை இழுப்பானே, அது கேட்கும். உடனே தலையைத் தூக்கிவிடுவேன். அடுத்து என்ன வரும் என்று தெரியும். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது போன மார்ச் மாதத்துக்கு வாருங்கள்.

சங்கத்துக் கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். பழைய ஆட்கள் சேர்ந்து, வேலையில் செத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி, புது ஆபீஸ் வாசலில் பதிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஏகாம்பரத்தின் மனைவி பூங்காவனம், தன் புருஷன் பெயரும் கல்லில் வர வேண்டும் என்று கேட்டாள். வாசிக்கப்பட்ட பெயரை எப்படி வெட்டுவது என்று அவர்கள் தயங்கினார்கள். வாசித்தவனே ஐந்து சாட்சி முன்னால் வாபஸ் வாங்கினால்தான் உண்டு, விதியில் அப்படி இருக்கிறது. வெள்ளிக்கிழமை கல்தச்சன் உளியைத் தொடுகிறான். அதற்குள் நான் வாயைத் திறந்தால் பெயர் ஏறும், இல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை.

மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் முடியாது என்றேன். அனுதாபம் வேறு, விதி வேறு.

நான்காவது முறை வந்தது வியாழக்கிழமை. நான் ஒரு பல் டாக்டரம்மாவின் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே நோய். டாக்டரம்மாவை உள்ளே உட்கார வைக்கவில்லை, அப்போதெல்லாம் யாரையும் உட்கார வைக்கமாட்டேன். அவர் பக்கத்து ஹமீதின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூங்காவனம் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னா செயலாளரே, டீ குடிச்சியா?"

"வேலை இருக்கு, பூங்காவனம்."

"பண்ணு, பண்ணு. முப்பத்துமூணு வருஷம் காத்துனு இருந்தவ, ஒரு வண்டிக்கு காத்துக்க மாட்டனா?"

இன்ஜினை ஓடவிட்டேன். கேஜை மாட்டினேன். முள் ஏறி, மெதுவாக விழுந்தது. முதல் குழாயை நசுக்கினேன், விழுந்தது. இரண்டாவது, விழுந்தது. மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தையும் நசுக்கினேன், முள் விழுந்துகொண்டே இருக்கிறது. ஐந்து குழாயும் நல்ல குழாய்.

டாக்டரம்மா எழுந்து வந்து பார்த்தார். "அஞ்சும் நல்லாருக்குன்னா எதுல சார் ஓட்டை?"

"பிரியறதுக்கு முன்னாடி இருக்கற பெரிய குழாய்லம்மா" என்றேன். இது எனக்குத் தெரியாததல்ல. அடுத்து அதைத்தான் பார்க்க வேண்டும். இடது கையில் அதைத்தான் பிடித்திருந்தேன். கையை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. திரும்பப் பிடித்தேன். இந்தத் தடவை கட்டை விரல் அழுத்தியதும் முள் நின்றது. விரலை எடுத்தேன், விழுந்தது. வைத்தேன், நின்றது. நான் பிடித்திருந்த இடத்திலேயே, என் விரலுக்கு அடியிலேயே வெடிப்பு.

அப்போது உள்ளேயிருந்து டிக் என்று கேட்டது. சீட்டில் ஆள் இல்லை. டாக்டரம்மா என் பக்கத்தில் நிற்கிறார். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

பூங்காவனம் எழுந்து வந்தாள். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். சங்க ஆபீஸைக் காலி செய்தபோது கோப்பிலிருந்து வாங்கி வந்தாளாம். பார்த்ததும் தெரிந்தது, அந்த வியாழக்கிழமை நோட்டீஸ். நான்தான் வாசலிலிருந்து கிழித்துக் கோப்பில் வைத்தேன். அதை எத்தனை மேடையில் வாசித்திருப்பேன்!

"படி" என்றாள்.

"இன்று இரண்டாம் ஷிப்டில்..."

"அது இல்ல. கீழ. கையெழுத்துக்குப் பக்கத்துல."

மேடையில் யாரும் தேதியை வாசிப்பதில்லை சார். விஷயத்தை வாசிப்போம். மேனேஜர் கையெழுத்து, பக்கத்தில் தேதி. ஆகஸ்டு ஆறு. எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு இன்னா கெழம தெரியுமா? செவ்வா" என்றாள். "பழைய காலண்டர வெச்சி பாத்து சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருகிட்ட நாள எப்ப சொன்ன?"

"புதன்கிழமை காலைல."

"அப்ப செவ்வாக்கெழமயே அவங்களுக்கு யாரு சொன்னது?"

செவ்வாய்க்கிழமையன்று 'வியாழன்' என்கிற வார்த்தை இந்த உலகத்தில் எங்கே இருந்தது? என் தலைக்குள். அப்புறம், திங்கட்கிழமை சாயங்காலம் நான் அச்சுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்த துண்டறிக்கையில். 'தோழர்களே! வியாழன் இரண்டாம் ஷிப்டு!' துண்டறிக்கை இல்லாமல் நான் ஒரு நாளும் வேலையை நிறுத்தியதில்லை. தொழிலாளிக்குக் காகிதத்தில் காரணம் கொடுக்காமல் நிறுத்தினால் அது கலாட்டா. அதனால் எப்போதும் மூன்று நாள் முன்னாலேயே அச்சுக்குப் போய்விடும். ஐந்து பேருக்கு ஐந்து நாள் சொல்லிச் சோதித்தேன். அச்சடிக்கக் கொடுத்ததைச் சோதனையில் சேர்க்கவே இல்லை.

"குப்புராஜ்!" என்று கத்தினேன். "அச்சுக்கூடத்துக் குப்புராஜ்! கம்பெனிக்கு கேட் பாஸ் புத்தகம் அடிச்சதும் அவன்தான். கொண்டுபோய்க் கொடுத்திருக்கான், துரோகி! இன்னிக்கே அவன் பேரை வாசிக்கறேன்!"

"அவன் செத்து பத்து வருஷமாச்சே" என்றார் ஹமீது, டீ ஆற்றிக்கொண்டே.

"செத்தவன் பேரை வாசிக்கக்கூடாதுன்னு விதி இல்ல!"

பூங்காவனம் சிரித்தாள். "அவன் கையில யாரு குடுத்தது?"

"நான் குடுத்தது துண்டறிக்கை."

"அதத்தான் கேட்டன்."

டாக்டரம்மா இன்ஜினை நிறுத்தினார். சத்தம் நின்றதும் தெருவே காலியானது மாதிரி இருந்தது.

சரி, விதிப்படி செய்கிறேன் என்றேன். தப்பு நேர்ந்தால் திருத்துவதற்குத்தானே விதி இருக்கிறது? ஐந்து சாட்சி வேண்டும். பூங்காவனம், டாக்டரம்மா, ஹமீது. பக்கத்து லேத் பட்டறைத் தயாளனைக் கூப்பிட்டேன். டீ குடிக்க நின்ற ஆட்டோக்காரரையும் வரச் சொன்னேன். "எதுனா கேஸா சார்? நான் வரல" என்றார். கேஸ் இல்லை, நின்றால் போதும் என்றேன். தொண்டையைச் செருமினேன். "பிரஸ் பிரிவு உறுப்பினர்..."

"நிறுத்து."

கையை ஓங்குகிற மாதிரி தூக்கிவிட்டாள்.

"அவரு பேரு உன் வாயில வர வேணாம். ஒரு தபா வந்ததே போதும்."

"பூங்காவனம், நான் வாபஸ் வாங்கினாத்தான் கல்லுல..."

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு முப்பத்துமூணு வருஷமா வெச்சினு இருக்கன். ஆஸ்பத்திரில அவருக்கு சாயங்காலம் வரைக்கும் நெனவு இருந்துச்சி. மாசியக் கூப்ட்டன், அவன் திரும்பலன்னாரு. மெஷின் சத்தத்துல அவன் காதுல விழல போலக்குது, பாவம்னாரு. பாவம்னாரு உன்ன." மூச்சு வாங்கினாள். "உன்ன மாசின்னு கூப்புடறது அவரு ஒருத்தருதான். சொல்லு. காதுல விழலயா?"

ஆட்டோக்காரர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெஷின் சத்தம் அதிகம்தான், அந்தப் பிரிவில் காது செவிடானவர்கள் உண்டு, அதையும் ஒரு துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"விழுந்தது" என்றேன்.

நான் சொன்னேனா, வேறு யாராவது சொன்னார்களா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மாசி, ஒரு கை குடு. ஆறடி தூரம். அன்றைக்கு நான் என் கையில் இருந்த சவ்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு பழுதும் இல்லை.

பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சாதாரணமாக, ரேஷன் கடையில் சாமான் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ரூல்ல இன்னா எழுதி வெச்சிருக்க? செய்திய வெளிய விட்டவன் பேரப் படிக்கணும்னுதானே?"

"ஆமா."

"அப்ப சரியான பேரப் படி. தப்பா வெச்ச பேரு தானா எறங்கிக்கும்."

"செயலாளர் விஷயத்துல யார் வாசிக்கணும்னு விதியில இல்ல, பூங்காவனம். சங்கத் தலைவர் வாசிக்கலாம்னு வெச்சா, தலைவர் இப்ப உயிரோட இல்ல."

"நீயே படி. உனக்குத்தான் சத்தம் நல்லா வரும்."

தயாளன் என் தோளில் கை வைத்து, "விடுங்க பெரியவரே, வயசானவரு" என்றான். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். என்னை யாரும் வயதைக் காட்டி விட வேண்டியதில்லை. பதினாறு வருடம் இந்தப் பேட்டையில் பெயர் வாசித்தவன் நான். மூன்று பெயர் வாசித்திருக்கிறேன். ஒரு முறையும் குரல் நடுங்கியதில்லை.

நிமிர்ந்து நின்றேன். கைகளைப் பழைய துணியில் துடைத்தேன். ஐந்து பேரும் எதிரே வரிசையாக நின்றார்கள். வண்டியின் அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

"செயலாளர் தோழர் டி..." என்று ஆரம்பித்தேன்.

"பட்டம் வேணாம்" என்றாள் பூங்காவனம். "இனிஷியலும் வேணாம். நீ எழுதுன ரூலுதான்."

அவள் சொன்னது சரி. அறுநூறு பேருக்குக் கேட்கிற குரலை எனக்குக் குறைக்கத் தெரியாது. லேத் பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எதிர்ச் சாரியில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். வாசித்தேன்.

"மாசிலாமணி.

"மாசிலாமணி.

"மாசிலாமணி."